அழித்தலும் காத்தலும்: கட்டளை வரியில் கோப்பிழப்பைத் தடுக்க முயன்ற வரலாறு

கல்லில் வெட்டிய எழுத்தை அழிக்க உளி வேண்டும். உளி பிடிக்கும் உழைப்பும் வேண்டும். ஓலையை அழிக்கத் தீயோ வெள்ளமோ கரையானோ வரவேண்டும். தாளைக் கிழிப்பதற்கும் இரண்டு கைகள் அசைய வேண்டும். அழிப்பவனுக்கு எண்ணிப் பார்க்கச் சிறிது நேரத்தை அந்த உழைப்பே தந்து வந்தது. கணிப்பொறியின் கட்டளை வரியிலோ ஓர் ஆண்டுக்காலப் படைப்பை அழிக்க இரண்டு எழுத்துகளும் ஒரு விசையழுத்தமும் போதும். உழைப்பு மறைந்தபோது எண்ணிப் பார்க்கும் நேரமும் உடன் மறைந்தது.

இழந்த அந்த நேரத்தை மீண்டும் எவ்வாறு பெறுவது என்னும் வினாவே, கணிப்பொறி வல்லுநர் அரை நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடிவரும் ஒரு சிக்கலாகும். அவர்கள் கண்ட விடைகளை மூன்றாக வகுக்கலாம். அழிக்கும் முன் கேட்டல் ஒன்று; அழிக்க மறுத்தல் மற்றொன்று; அழித்ததை மீட்கும் வண்ணம் வைத்திருத்தல் மூன்றாவது. இம்மூன்றனுள் எது மனித இயல்புக்கு ஏற்றது என்பதை வரலாறே காட்டுகின்றது. தம் கவிதைகளையும் ஆய்வுகளையும் கணிப்பொறியில் எழுதிச் சேமித்து வைப்போர் அனைவருக்கும் உரிய வரலாறு இது.

1. பெயரும் பொருளும்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மரே ஹில் என்னும் ஊரில் அமைந்த பெல் ஆய்வகத்தில், 1969ஆம் ஆண்டு கென் தாம்சன் என்பார் பி.டி.பி.-7 என்னும் சிறு கணிப்பொறியில் ஓர் இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினார். டென்னிஸ் ரிட்சி முதலியோர் அப்பணியில் உடன் நின்றனர். யூனிக்ஸ் எனப் பெயர் பெற்ற அம்முறைமையின் முதற் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. கோப்பை நீக்கும் 'ஆர்எம்' என்னும் கட்டளை அக்கையேட்டிலேயே இடம்பெற்றுள்ளது. நீக்கு என்று பொருள்படும் 'ரிமூவ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது.

அக்கட்டளையின் சுருக்கத்துக்கும் மௌனத்துக்கும் காரணங்கள் உண்டு. அன்றைய பயனர் முன் திரை இல்லை. டெலிடைப் என்னும் தட்டச்சுப் பொறியே இருந்தது. அப்பொறி நொடிக்குப் பத்து எழுத்துகளையே அச்சிட வல்லது. ஆகவே கட்டளைகள் குறுகின. வேலை முறையாக முடிந்தால் கணிப்பொறி எதுவும் சொல்லாது. பிழை நேர்ந்தால் மட்டுமே பேசும். 1971இல் யூனிக்ஸ் இயங்கிய பி.டி.பி.-11 கணிப்பொறியின் வட்டு 512 கிலோபைட்டு அளவினது. நீக்கிய கோப்பைச் சில நாள் வைத்திருக்கலாம் என்று எண்ணுவதற்கு அங்கு இடமில்லை. வறுமையில் பிறந்த சிக்கனம் பின்னர் வளம் வந்தபோதும் பழக்கமாக நிலைத்துவிட்டது.

'ஆர்எம்' உண்மையில் செய்வது யாது என்பதும் அறியத்தக்கது. யூனிக்ஸில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. அடைவு என்பது பெயர்களின் பட்டியல். ஒவ்வொரு பெயரும் வட்டில் உள்ள ஒரு பதிவைச் சுட்டும். ஒரே கோப்பைப் பல பெயர்கள் சுட்டலாம். 'ஆர்எம்' ஒரு பெயரை மட்டும் பட்டியலிலிருந்து நீக்குகின்றது. கடைசிப் பெயரும் நீங்கி, எந்த நிரலும் அக்கோப்பைத் திறந்து வைத்திராத நிலையில், அதன் இடம் பிறர் பயன்பாட்டுக்கு விடப்படுகின்றது. பொருளைக் கொல்வதில்லை, பொருளைச் சுட்டும் சொல்லை எடுத்துவிடுகின்றது. சொல் போனபின் பொருள் கேட்பாரற்றுக் கிடந்து, வேறொரு கோப்பு மேலே எழுதப்படும்போது மறைகின்றது.

இன்னொரு நுட்பமும் உண்டு. நட்சத்திரக் குறி இட்டால் 'அனைத்தும்' என்று பொருள். ஆனால் அக்குறியை விரித்துப் பெயர்களாக மாற்றுவது 'ஆர்எம்' அன்று. பயனருக்கும் கட்டளைக்கும் இடையே நிற்கும் 'ஷெல்' என்னும் நிரலே அதனைச் செய்கின்றது. ஆதலால் பயனர் நூறு பெயர்களைத் தனித்தனியே எழுதினாரா, ஒரு குறியை மட்டும் இட்டாரா என்பதை அழிக்கும் கட்டளை அறியாது. அறியாத ஒன்று எச்சரிப்பது எங்ஙனம்?

2. அழிப்பதற்குத் தவணை

யூனிக்ஸ் தோன்றிய அதே காலத்தில் வேறு வழியில் சென்றோரும் இருந்தனர். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1976இல் வெளியிட்ட டாப்ஸ்-20 என்னும் முறைமையில், அழி என்று கட்டளையிட்டால் கோப்பின்மேல் 'அழிக்கப்பட்டது' என்னும் அடையாளம் மட்டுமே விழும். மனம் மாறினால் மீட்கும் கட்டளையைக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். துடைத்தெறியும் கட்டளை தனியே கொடுக்கப்பட்ட பின்னரே இடம் காலியாகும். அழித்தல் என்னும் ஒரு செயல் அங்கு இரண்டாகப் பகுக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே ஒரு தவணை அமைந்தது.

அதே நிறுவனத்தின் வி.எம்.எஸ். என்னும் முறைமை 1978இல் வாடிக்கையாளர்க்கு அனுப்பப்பட்டது. அதில் ஒரு கோப்பைத் திருத்தி எழுதினால் பழையது மறையாது. அடுத்த எண்ணோடு புதிய பதிப்பு தோன்றும். நூலுக்கு முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்பது போன்றது இது. அழிக்க விரும்புவோர் எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிடில் கட்டளை ஏற்கப்படாது. எண்ணை எழுதும் சிறு உழைப்பு, எண்ணிப் பார்க்கும் நேரத்தையும் உடன் தந்தது.

எனினும் உலகெங்கும் பரவியது யூனிக்ஸ் வழியே. அதன் எளிமையும், வெவ்வேறு கணிப்பொறிகளுக்கு மாற்றி அமைத்துக்கொள்ளும் வசதியும், பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த செலவில் கிடைத்தமையும் அதற்குக் காரணங்கள். பரவியபோது அதன் மௌனமும் உடன் பரவியது.

3. முதலெழுத்தை இழந்த கோப்பு

வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உரிய சிறு கணிப்பொறிகளில் 1981 முதல் எம்.எஸ்.-டாஸ் வழங்கியது. அதில் ஒரு கோப்பை அழித்தால் நடந்தது விந்தையானது. கோப்பின் பெயரில் உள்ள முதலெழுத்தின் இடத்தில் ஒரு குறியீடு எழுதப்படும். மற்ற எழுத்துகள் அப்படியே இருக்கும். கோப்பின் உள்ளடக்கமும் வேறெதுவும் மேலே எழுதப்படும்வரை வட்டில் கிடக்கும்.

இதனைக் கண்ட பீட்டர் நார்ட்டன் என்பார், அழிந்ததை மீட்கும் நிரல் ஒன்றை ஆக்கி 1982இல் தம் நிரல் தொகுதியில் வெளியிட்டார். அத்தொகுதியே அவருக்குப் புகழும் பொருளும் தேடித் தந்தது. 1991இல் வெளிவந்த எம்.எஸ்.-டாஸ் ஐந்தாம் பதிப்பு, மீட்கும் கட்டளையைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. அக்கட்டளை பயனரிடம் ஒரு வினாவை எழுப்பும்: இப்பெயரின் முதலெழுத்து யாது? தான் இட்ட பெயரின் முதலெழுத்தை நினைவில் வைத்திருந்தவன் தன் கோப்பைப் பெற்றான். மனித நினைவும் வட்டின் எச்சமும் சேர்ந்து மீட்ட நிகழ்ச்சி அது.

படங்களை இயக்கும் முறை வந்தபின் குப்பைத்தொட்டி என்னும் உருவகம் பிறந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் லிசா 1983இலும் மெக்கின்டாஷ் 1984இலும் அதனைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றன. விண்டோஸ் 95 அதற்கு 'ரீசைக்கிள் பின்' எனப் பெயரிட்டது. டாப்ஸ்-20 தந்த தவணையே இங்கு ஒரு தொட்டியின் வடிவில் மறுபிறவி எடுத்தது. ஆனால் ஒன்று நினைவில் இருத்தத்தக்கது: கட்டளை வரியிலிருந்து அழிக்கும் கோப்பு அத்தொட்டியில் விழுவதில்லை. திரையில் தொட்டியைக் கண்டு பழகியவர் கட்டளை வரிக்கு வந்தபோது, அங்கும் தொட்டி உண்டு என்று நம்பி இழந்தவை பல.

4. 'ஆம்' என்னும் விடை

முதல் விடையாகிய 'கேட்டல்' எளிதில் தோன்றக்கூடியது. டாஸ் முறைமையில் அனைத்துக் கோப்புகளையும் அழிக்கச் சொன்னால், உறுதியாகத்தானா என்று அது கேட்கும். யூனிக்ஸிலும் 'ஐ' என்னும் குறியைச் சேர்த்தால் 'ஆர்எம்' ஒவ்வொரு கோப்புக்கும் ஒப்புதல் கேட்கும். பல நிறுவனங்களில் கணிப்பொறியை நிருவகிப்போர், பயனர் வெறும் 'ஆர்எம்' என்று எழுதினாலும் இக்குறி தானே சேருமாறு மாற்றுப்பெயர் அமைத்து வைத்தனர்.

இதன் பயன் எத்தகையது? உளவியல் அறிஞர் டொனால்டு நார்மன் 1981இலேயே யூனிக்ஸின் குறைகளைச் சுட்டிக் கட்டுரை எழுதியவர். அன்றாடப் பொருள்களின் அமைப்பைப் பற்றி 1988இல் அவர் வெளியிட்ட நூலில் இவ்வினாவின் பயனின்மையை விளக்கியுள்ளார். ஒப்புதல் கேட்கும் நேரத்தில் பயனரின் மனம் தான் செய்யவந்த செயலின்மேல் இருக்கின்றது. எந்தக் கோப்பின்மேல் அச்செயல் நிகழ்கின்றது என்பதன்மேல் இல்லை. ஆகவே அவர் செயலை உறுதிசெய்கின்றார், பெயரைச் சரிபார்ப்பதில்லை. பிழை பெயரில் இருக்கும்போது செயலைப் பற்றிய வினா எவ்வாறு உதவும் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

மேலும், நூறு முறை 'ஆம்' என்று சொன்ன விரல் நூற்றோராம் முறையும் மனத்தைக் கேளாமலே 'ஆம்' என்று சொல்லிவிடும். கேள்விக்குப் பழகியவர், அக்கேள்வி கேட்காத வேறொரு கணிப்பொறியில் அமரும்போது இடர் இரட்டிப்பாகின்றது. கேட்கும் என்று எண்ணி விரைந்து எழுதுவார். அதுவோ கேளாமல் அழித்துவிடும். இக்குறையை உணர்ந்து பின்னர் ஒரு நடுவழி காணப்பட்டது. குனு திட்டத்தின் 'ஆர்எம்', பெரிய எழுத்து 'ஐ' குறியை ஏற்கின்றது. மூன்றுக்கு மேற்பட்ட கோப்புகளை அழிக்கும்போதும், அடைவுகளை அவற்றின் உள்ளடக்கத்தோடு அழிக்கும்போதும் மட்டும் ஒரே ஒரு முறை கேட்கும். அரிதாகக் கேட்கப்படும் வினாவுக்கே கவனம் கிடைக்கும் என்பது அதன் அடிப்படை.

1994இல் யூனிக்ஸை வெறுப்போர் கையேடு என்னும் பொருள்பட அங்கதமாக ஒரு நூல் வெளிவந்தது. அழித்தால் திரும்பாத இக்கட்டளையை அந்நூல் கடுமையாகச் சாடியது. யூனிக்ஸைப் படைத்தோருள் ஒருவராகிய ரிட்சியே அந்நூலுக்கு ஒரு 'மறுப்புரை' எழுதித் தந்தார் என்பது புலமையுலகின் பெருந்தன்மைக்குச் சான்று.

5. ஓர் இடைவெளி

பிழை மனிதனின் விரலில் மட்டும் பிறப்பதன்று; அவன் எழுதி வைத்த நிரலிலும் உறங்கிக் கிடக்கும். மூன்று சான்றுகளைக் காணலாம்.

2001 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐட்யூன்ஸ் இரண்டாம் பதிப்பின் நிறுவுநிரல், வட்டின் பெயரில் சொல்லிடைவெளி இருக்கக்கூடும் என்பதைக் கருதவில்லை. அதனால் சிலருடைய வட்டுகளில் இருந்தவை அழிந்தன. நிறுவனம் உடனே அதனைத் திரும்பப் பெற்றுத் திருத்திய பதிப்பை வெளியிட்டது.

2011இல் லினக்ஸ் பயனர்க்கென எழுதப்பட்ட பம்பிள்பீ என்னும் நிரலின் நிறுவுநிரலில், ஓர் அடைவின் ஆழத்தில் உள்ள உட்பிரிவை நீக்கும் வரி ஒன்று இருந்தது. அவ்வழிப்பெயரின் நடுவே தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்தது. ஒரு பெயர் இரண்டு பெயராயிற்று. நீக்க வேண்டிய சிறு உட்பிரிவுக்கு மாறாக, பெரும்பாலான நிரல்களைத் தாங்கும் மேலடைவு முழுவதுமே நீக்கப்பட்டது.

2015 சனவரியில் ஸ்டீம் என்னும் விளையாட்டு நிரலின் லினக்ஸ் பதிப்பில் இன்னொரு வகைப் பிழை வெளிப்பட்டது. 'இன்ன அடைவுக்குள் உள்ள அனைத்தையும் நீக்கு' என்பது வரி. அவ்வடைவின் பெயரை ஒரு மாறி தாங்கியிருந்தது. குறிப்பிட்ட சூழலில் அம்மாறி வெறுமையாயிற்று. வெறுமையைத் தொடர்ந்து வந்த சாய்கோடும் நட்சத்திரக் குறியும், கணிப்பொறியின் வேரிலிருந்து அனைத்தையும் நீக்கு என்று பொருள் கொண்டன. பயனர்க்கு அழிக்கும் உரிமை இருந்த கோப்புகளெல்லாம் போயின. படி எடுத்து வைத்திருந்த வெளிவட்டு அந்நேரம் இணைக்கப்பட்டிருந்தமையால் அதிலிருந்தவற்றையும் ஒருவர் இழந்தார். இவ்வரி அச்சந்தருவது என்னும் பொருளில் நிரலை எழுதியவரே அதன் அருகில் ஒரு சொற்குறிப்பு இட்டிருந்தார். அச்சத்தைக் குறித்து வைத்தவர் காவலைச் சேர்க்கவில்லை.

சுவடிப் பதிப்போடு பழகியோர்க்கு இடைவெளியின் ஆற்றல் புதிதன்று. ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடம்விட்டு எழுதும் வழக்கம் இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இடப்படுவதில்லை. பதிப்பாசிரியர் தவறான இடத்தில் சொல்லைப் பிரித்தால் பொருள் வேறாகிவிடும். ஆயினும் அங்குப் பாடம் எஞ்சி நிற்கும்; பின்வரும் அறிஞர் ஒருவர் சரியாகப் பிரித்துப் பொருளை மீட்பார். கட்டளை வரியில் நேரும் சொற்பிரிப்புப் பிழையோ பாடத்தையே இல்லாமற் செய்துவிடுகின்றது. திருத்துவதற்குக் கையில் ஒன்றும் எஞ்சுவதில்லை.

6. மறுக்கும் கட்டளை

இரண்டாம் விடை 'மறுத்தல்'. சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 10 என்னும் முறைமை 2005இல் வெளிவந்தது. வேரடைவை நீக்கு என்று சொன்னால் அதன் 'ஆர்எம்' செய்ய மறுக்கும். பயனர் எந்த அடைவில் நின்று கட்டளையிடுகின்றாரோ அதனை நீக்கலாகாது என்று பொது வரையறை விதித்திருந்தது. எல்லா அடைவுகளும் வேருக்குள் அடங்குதலின் வேரை நீக்குவதும் விதிக்கு முரணாகும் என்று அதனைச் செய்தோர் வாதிட்டனர். இலக்கண நூற்பாவுக்கு உரை காண்பது போன்ற வாதம் அது. குனு திட்டத்தின் 'ஆர்எம்' கட்டளையிலும் வேரைக் காக்கும் குறி முதலில் விருப்பமாகச் சேர்க்கப்பட்டு, 2006 முதல் இயல்பான நடத்தையாயிற்று.

இக்காவலின் எல்லையும் உணரத்தக்கது. வேரின் பெயரைச் சொன்னால் மறுக்கும். வேருக்குப் பின் நட்சத்திரக் குறி இட்டால் மறுக்க இயலாது. ஏனெனில் ஷெல் அக்குறியை விரித்துவிடும். கட்டளையின் செவிக்கு எட்டுவது வேரின் கீழுள்ள தனித்தனிப் பெயர்களே. முறைமை முழுதும் அழிவதைத் தடுக்கும் காவல், ஒருவர் தம் கவிதைத் தொகுதியை அழித்துக்கொள்வதைத் தடுக்காது. முறைமையை மீண்டும் நிறுவிவிடலாம். கவிதையை நிறுவித் தருவார் எவருமில்லை.

7. மூன்று நிகழ்ச்சிகள்

1986இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த நிகழ்ச்சி கணிப்பொறியாளரிடையே வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவது. முழு உரிமை பெற்ற பயனராக இருந்த ஒருவர், வேரடைவில் நின்றபடி அனைத்தையும் அழிக்கும் கட்டளையைத் தவறுதலாக இட்டார். பாதியில் உணர்ந்து நிறுத்தியபோது இன்றியமையாத அடைவுகள் போய்விட்டிருந்தன. கோப்புகளின் பெயரைப் பட்டியலிடும் கட்டளைகூட எஞ்சவில்லை. ஆனால் ஈமாக்ஸ் என்னும் எழுத்துத் திருத்தி ஒருவர் முனையத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கணிப்பொறியில் இயந்திரமொழியில் ஒரு சிறு நிரலை ஆக்கி, அதனை எழுத்துகளாக மாற்றி, ஈமாக்ஸின் வழியே கையால் தட்டச்சிட்டு, படிப்படியாக முறைமையை உயிர்ப்பித்தனர். திறந்து வைத்திருந்த ஒரு நிரலே அவர்களுக்குக் கலமாயிற்று.

இரண்டாவது நிகழ்ச்சி கலைத்துறை சார்ந்தது. 1998இல் கலிபோர்னியாவில் பிக்சார் நிறுவனத்தார் டாய் ஸ்டோரி 2 என்னும் அசைபடத்தை உருவாக்கிக்கொண்டிருந்தனர். படத்தின் கோப்புகள் இருந்த இடத்தில் யாரோ அழிக்கும் கட்டளையை இட்டுவிட்டனர். திரையில் பார்த்துக்கொண்டிருந்தோர் கண்முன் கதைமாந்தன் ஒருவனின் தொப்பி மறைந்தது, காலணி மறைந்தது, பின்னர் அவனே மறைந்தான். உடன் பணியாற்றிய ஓரன் ஜேக்கப் முதலியோர் கணிப்பொறியை மின்னிணைப்பிலிருந்து பிடுங்கச் சொன்னார்கள். அதற்குள் படத்தின் தொண்ணூறு விழுக்காடு அழிந்துவிட்டிருந்தது. படி எடுத்து வைத்த நாடாக்களை நாடினர். அவையும் சில காலமாகச் சரிவரப் பதிவாகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

படத்தின் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த கேலின் சஸ்மன் என்னும் பெண்மணி, அண்மையில் குழந்தை பெற்றவர். வீட்டிலிருந்தே பணிசெய்யும் பொருட்டுப் படத்தின் படி ஒன்றை வீட்டுக் கணிப்பொறியில் வைத்திருந்தார். அக்கணிப்பொறியைப் போர்வையால் சுற்றிக் காரில் ஏற்றி, குழந்தையைக் கொண்டுவருவது போல் மெல்லக் கொண்டுவந்து சேர்த்தனர். படம் மீண்டது. பின்னர்க் கதையே பெரிதும் மாற்றி அமைக்கப்பட்டு 1999 நவம்பரில் வெளிவந்தது. கட்டளையை இட்டவர் யாரென்று தேடிக் குற்றஞ்சாட்டுவதில் நிறுவனம் காலத்தைச் செலவிடவில்லை என்பது அதன் தலைவருள் ஒருவராயிருந்த எட் கேட்மல் பின்னர் எழுதிய நூலால் தெரிகின்றது. தாய்மையின் தேவைக்காக வைக்கப்பட்ட படி ஒரு பெருங்குழுவின் உழைப்பைக் காத்தது.

மூன்றாவது நிகழ்ச்சி 2017 சனவரி 31ஆம் நாள் இரவு நிகழ்ந்தது. நிரலாளர் பலர் தம் நிரல்களை வைத்துப் பேணும் கிட்லேப் என்னும் நிறுவனத்தில் தரவுத்தளம் இடர்ப்பட்டது. நெடுநேரம் போராடிய பொறியாளர் ஒருவர், துணைக் கணிப்பொறியில் உள்ள ஓர் அடைவை அழிப்பதாக எண்ணி முதன்மைக் கணிப்பொறியில் அக்கட்டளையை இட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட்டே எஞ்சியிருந்தது. படி எடுக்கும் வழிகள் பல இருந்தும் நம்பியவை எவையும் கைகொடுக்கவில்லை. நாள்தோறும் படி எடுக்க வேண்டிய நிரல், பதிப்பு வேறுபாட்டால் நெடுநாளாகத் தோற்றுவந்தது. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் மறுக்கப்பட்டு வந்தமையால் எவரும் அதனை அறியவில்லை.

அன்று மாலை, ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன், வேறொரு பணிக்காகக் கையால் எடுக்கப்பட்ட ஒரு படியே இறுதியில் உதவியது. அதனை எடுத்தவர், பின்னர்த் தவறிழைத்த அதே பொறியாளர். இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் உருவான ஏறத்தாழ 5,000 திட்டங்கள், 5,000 கருத்துரைகள், 700 பயனர் கணக்குகள் பற்றிய பதிவுகள் திரும்பவில்லை. நிறுவனம் மீட்புப் பணியை உலகோர் காண நேரலையாக ஒளிபரப்பியது. நடந்தவற்றை ஒளிவின்றி அறிக்கையாக வெளியிட்டபோது பொறியாளரின் பெயரைச் சொல்லாமல் குழு உறுப்பினர் என்று மட்டுமே குறித்தது. அழித்த கையும் காத்த கையும் ஒன்றே என்னும் உண்மை, தவறு செய்தவரைப் பழிப்போர் நின்று எண்ணிப் பார்க்கத்தக்கது.

8. பெல் ஆய்வகத்தின் மறுமொழி

மூன்றாம் விடையாகிய 'மீட்கும் வண்ணம் வைத்தல்' யூனிக்ஸ் பிறந்த மனையிலேயே வளர்ந்தது. மார்க் ரோச்கைண்டு 1972இல் பெல் ஆய்வகத்தில் நிரல்களின் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்து வைக்கும் முறை ஒன்றைத் தொடங்கினார். அம்மரபில் 1982இல் வால்டர் டிக்கி ஆக்கிய முறையும், 2005இல் லினஸ் டார்வால்ட்சு ஆக்கிய 'கிட்' முறையும் வந்தன. திருத்தத்தைப் பதிந்தபின் கோப்பை அழித்தாலும் பழைய நிலை மீளும்.

இதனினும் சிறந்தது பிளான் 9 என்னும் முறைமை. கென் தாம்சன், ராப் பைக் முதலியோர் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய இது 1992 முதல் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்டது. அதன் கோப்புக் கணிப்பொறி நாள்தோறும் விடியற்காலை ஐந்து மணிக்கு அனைத்துக் கோப்புகளின் அந்நாள் நிலையைத் தானே பதிந்துகொள்ளும். ஒருமுறை எழுதினால் அழிக்க இயலாத ஒளிவட்டுகளில் அது சேமிக்கப்பட்டது. பயனர் நேற்றைய நிலையையோ கடந்த ஆண்டின் ஒரு நாளையோ அடைவு போலத் திறந்து பார்க்கலாம். எவரிடமும் அனுமதி வேண்டுவதில்லை. அழிக்கும் கட்டளையை உலகுக்குத் தந்த அதே கை, அழிக்க இயலாத நினைவையும் பின்னர்த் தந்தது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகளும், வட்டுகளின் விலைவீழ்ச்சியும் இருந்தன.

பின்னர், 2005இல் சன் நிறுவனம் வெளியிட்ட இசட்.எஃப்.எஸ். முதலிய கோப்பு முறைகள், ஒரு நொடிப்பொழுதில் முழு வட்டின் நிலையையும் படம்பிடிப்பது போல் பதிந்து வைக்கும் வசதியைப் பரவலாக்கின. மாறாத பகுதிகளை இருமுறை சேமிக்காததால் அதற்குச் செலவும் குறைவு.

9. கையாள்வோர் ஒழுக்கம்

வரலாற்றிலிருந்து பெறத்தக்க நடைமுறைகள் சில. நட்சத்திரக் குறியோடு அழிக்கும் முன், அதே குறியைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளைக்குக் கொடுத்து எவை விரிகின்றன என்று காண்க. இடைவெளியுள்ள பெயரை மேற்கோட்குறிக்குள் இடுக. மாறி வெறுமையானால் நிரல் நின்றுவிடுமாறு ஷெல்லுக்குக் கட்டளையிட்டு வைக்க. முழு உரிமையுள்ள பயனராக அன்றாடப் பணி செய்யற்க. 'ஆர்எம்' கட்டளைக்கு மாற்றாகக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பும் கட்டளையை வேறு பெயரில் பழகுக. 'ஆர்எம்' என்னும் பெயரையே மாற்றி அமைத்தால், மாற்றப்படாத கணிப்பொறியில் பழக்கமே பகையாகும். அழித்துவிட்டதாக உணர்ந்தால் அவ்வட்டில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் நிறுத்துக. எனினும் இக்காலத் திண்மநிலை வட்டுகள் விடப்பட்ட இடத்தை விரைவில் துடைத்துவிடுதலின், நார்ட்டன் காலத்து மீட்பை நம்பி இருத்தல் கூடாது.

இவை அனைத்தினும் மேலானது படி எடுத்தல். புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ என்பார் பரப்பிய விதி எளியது: மூன்று படிகள் இருக்க வேண்டும், இரண்டு வகைக் கருவிகளில் இருக்க வேண்டும், ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும். ஸ்டீம் பிழையில் இணைந்திருந்த வட்டும் அழிந்தமையும், பிக்சார் படம் வேறிடத்துப் படியால் மீண்டமையும் இவ்விதிக்குச் சான்றுகள். கிட்லேப் நிகழ்ச்சி இதனோடு இன்னொன்றையும் சேர்க்கின்றது: எடுத்த படியை அவ்வப்போது திறந்து பார்த்தல். திறந்து பார்க்கப்படாத படி நம்பிக்கையே அன்றிப் படி அன்று.

10. நிறைவுரை

கேட்டல் பழக்கத்தால் மழுங்கியது. மறுத்தல் சில வாயில்களை மட்டுமே அடைத்தது. மீட்கும் வண்ணம் வைத்தல் ஒன்றே, மனிதன் பிழை செய்வான் என்பதை ஏற்றுக்கொண்டு தொடங்கியது. முதலிரண்டும் மனிதனை விழிப்பாக இருக்கச் சொல்கின்றன. மூன்றாவது அவன் களைத்திருக்கும் இரவையும் கணக்கில் கொள்கின்றது.

தமிழ் நூல்களின் வரலாறும் இதற்கு மாறுபட்டதன்று. குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயர்கள் தொடர்ந்து வரும் பகுதியில் சில பெயர்கள், உ.வே.சாமிநாதையருக்கு முதலிற் கிடைத்த சுவடிகளில் இல்லை. அவர் தேடலை விடவில்லை. தருமபுர ஆதீனத்துச் சுவடி ஒன்றில் அவை இருந்தன. எழுதியவர் யாரெனத் தெரியாத அப்படி இல்லையேல் அம்மலர்களின் பெயரைச் சொல்ல இன்று எவருமில்லை. விடுபட்டது யாரால் என்று அவர் வினவிக்கொண்டிருக்கவில்லை. இன்னொரு படி எங்கே என்றுதான் வினவினார்.

கட்டளை வரியின் முன் அமர்வோர்க்கும் அவ்வினாவே உரியது. அழித்தபின் அதனைக் கேட்பவர் அலைய நேரும். அழிக்கும் முன் கேட்டவர்க்கு இழப்பில்லை.